மூவருக்கும் பெய்த ஒரே மழை

நான் சைவக்காரி. ரொறன்ரோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சமயபாடப் பரீட்சைக்குத் தயார்படுத்தியவள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்த நாளில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். வேலை பிஸ்கற் தொழிற்சாலையில். உடைந்த பிஸ்கற்றை ஒரு பக்கமும் உடையாததை மறுபக்கமும் தள்ளுவது. விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவளுக்கு ஏற்ற வேலை என்று அத்தான் சொல்லுவார். அவர் என்ன படித்துவிட்டு என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்துவதில்லை.

ஒருநாள் லிஃப்ற்றில் ஐந்தாம் மாடி அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் ஊரில கொன்வென்ற்றில படிச்சனீராம்."

"ஓம் அன்ரி."

"எங்கட ரெண்டு பொடியளுக்கும் சமயபாடம் ஏறுதில்லை. ஒருக்காச் சொல்லிக் குடுமன்."

"அன்ரி, நான் சைவம். கொன்வென்ற்றிலயும் சைவந்தான் படிச்சனான்."

"அதுக்கென்ன. எல்லாச் சமயமும் ஒண்டுதானே."

எல்லாச் சமயமும் ஒன்று என்ற எங்கள் பெரிய மனசு மற்ற நேரங்களில் எங்கே போகிறதோ தெரியாது, பரீட்சை வந்தால் மட்டும் தவறாமல் வந்துவிடும். அன்ரியும் சைவக்காரிதான். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவர். பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு அவர் சொன்ன காரணம், அங்கே யூனிபோர்ம் இருக்கிறது, கன்னியாஸ்திரிமார் இருக்கிறார்கள் என்பது. யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு கன்னியாஸ்திரியைக் கண்டால் போதும், பிள்ளை டொக்டராகி விட்டமாதிரி நிம்மதி வந்துவிடும். பள்ளிக்கூடமும் சேர்க்கும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தது: எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரலாம், ஆனால் சமயபாடம் எடுக்கவேண்டும், சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த செப்ரெம்பரில் இடமில்லை. அன்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கொன்வென்ற்றில் ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது சைவப் பிள்ளைகளான எங்களைப் பக்கத்து அறையில் விடுவார்கள். எங்கள் ரீச்சர் மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்து அறைச் சிஸ்ரருக்கோ வெண்கலக் குரல். ஆகவே சைவத்தைக் கண்ணால் படித்தேன், கத்தோலிக்கத்தைச் சுவர் வழியாகக் காதால் படித்தேன். சைவசமயத்துக்கு டிஸ்ரிங்ஷன் எடுத்தேன். மற்றதற்கு ஒருவரும் என்னைச் சோதிக்கவில்லை.

வீட்டில் படிப்பிக்க இடமில்லை. ஒரு ஆள் வேலைக்குப் போகும்போது இன்னொரு ஆள் அதே கட்டிலில் வந்து படுக்கிற காலம். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் நித்திரை. அதனால் சனிக்கிழமை பின்னேரங்களில் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த லோன்றி அறையில் வகுப்பு வைத்தேன். உடுப்பு மடிக்கிற நீள மேசை இருந்தது, சூடாக இருந்தது, எங்கள் வீட்டு உடுப்பும் தோய்ந்துகொண்டிருக்கும். பொடியன்கள் இருவரும் ஒரே வகுப்பு. வயது வேறு என்றாலும், வந்த புதிதில் பள்ளிக்கூடம் இருவரையும் ஒன்றாகப் போட்டிருந்தது. அதற்காக ஒருவனை ஒருவன் மன்னிக்கவே இல்லை.

இரண்டாவது கிழமை ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு பிள்ளையும் வந்து சேர்ந்தாள். அவளும் அதே வகுப்பு. தகப்பனும் அவளும் மட்டும் வந்திருந்தார்கள்; தாய் ஊரில். தகப்பன் பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பின்னேரம் ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கிற மனுசன். இரண்டு வேலைக்கும் நடுவில் மகளைக் கூட்டிக்கொண்டு லோன்றி அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, இவள் மற்றப் பாடமெல்லாம் செய்வாள். உந்தச் சமயந்தான் பிரச்சினை. விழுந்தால் பள்ளிக்கூடம் வேண்டாம், வேலைக்கு வரட்டும். நான் கோவத்தில சொல்லேல்லை. தாயை ஸ்பொன்சர் பண்ண ஒரு சம்பளம் காணாதாம்."

பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். மகள் தோய்க்கிற மெஷினின் கண்ணாடிக்குள் சுழல்கிற உடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் தொழிற்சாலையில் அவளுடைய வயதில் இரண்டு பேர் ஏற்கெனவே என்னோடு பிஸ்கற் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக இவள் வரக்கூடாது என்று அந்த இடத்திலேயே எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

படிப்பிக்கிற முறையில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் ஊரில் எப்படிப் பரீட்சை எடுத்தோமோ அப்படித்தான். முதலில் பழைய வினாத்தாள்களைச் சேர்க்கவேண்டும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் குறிபார்க்கவேண்டும். அவற்றுக்கு நல்ல விடை எழுதி, எழுதியதைப் பாடமாக்கவேண்டும். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கெஞ்சி வினாத்தாள் வாங்கி வரச்சொன்னேன். பத்துக் கட்டளையும் ஏழு திருவருட்சாதனங்களும் இரண்டு கிழமையில் முடிந்தன. ஒரு துவாயை மடித்தால் ஒரு அருட்சாதனத்தைச் சொல்லவேண்டும். இளையவன் ஒருமுறை இறுதிப் பூசுதலை மறந்துவிட்டுத் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு முழிசிக்கொண்டு நின்றான். சொல்லாமல் மடிக்க நான் விடவில்லை.

"அக்கா, பாவசங்கீர்த்தனம் தமிழில செய்யலாமோ?" என்று மூத்தவன் கேட்டான்.

"நீ ஒரு மொழியிலயும் செய்யத் தேவையில்லை. எழுதினால் காணும்."

சிக்கல் எல்லா வினாத்தாளிலும் கடைசியில் இருந்தது. 'நீங்கள் ஒருவரை மன்னித்த ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்குக. அதனால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு என்ன?' புள்ளியும் அதற்குத்தான் கூட. எனக்குப் பெரிய ஆச்சரியம். சைவசமயப் பரீட்சையில் என்னைப் பற்றி எவரும் ஒன்றும் கேட்டதில்லை. நாயனார் என்ன செய்தார் என்று கேட்பார்கள். செய்ததை எழுதினால் புள்ளி போடுவார்கள். நான் நல்லவளா கெட்டவளா என்பது பரீட்சைத் திணைக்களத்தின் பிரச்சினையாக இருக்கவில்லை.

ஆனாலும் கேள்வி என்றால் விடை வேண்டும். மன்னித்த கதை யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். பொடியன்கள் ஒருவனை ஒருவன் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். ஒன்பதாம் மாடிப் பிள்ளைதான் வாயைத் திறந்தாள்.

"என்ர சைக்கிளைத் தம்பி கேக்காமல் எடுத்துக்கொண்டு போனவன்."

"பிறகு?"

"அவ்வளவுதான்."

விதை கிடைத்தது, ஆனால் இதை எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். தம்பி எடுப்பதெல்லாம் ஒரு குற்றமா? நான் தம்பியைப் பக்கத்து வீட்டுப் பொடியனாக மாற்றினேன். சைக்கிளின் முன்சில்லை வளைத்தேன். மழையைப் பெய்ய வைத்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் நனைந்தபடி எங்கள் வாசல் படலையில் வந்து நிற்கிறான், அவன் தோளில் நான் கைவைக்கிறேன், புதுச் சில்லு வாங்கச் சேர்த்த காசு போய்விட்டது, ஆனால் மனம் இலேசாகிவிட்டது. என் ஆங்கிலத்தில் அவ்வளவு வடிவான ஒரு பந்தியை அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியதில்லை. மூவரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை மூவரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். கடைசிக் கேள்விக்கு நேரம் வையுங்கோ, நேரத்தைப் பங்கிடத் தெரியாதவன் பரீட்சைக்கே போகக்கூடாது என்று வழக்கமான ஏச்சையும் ஏசி அனுப்பிவைத்தேன்.

ஜனவரியில் பரீட்சை நடந்தது. கேள்வி அப்படியே வந்தது. என் குறி தப்பவில்லை என்று அக்காவுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாம் மாடிக்கு அழைப்பு வந்தது. அன்ரி ஆங்கிலத்துக்குப் பயந்து என்னைப் போகச் சொன்னார். ஒன்பதாம் மாடிப் பிள்ளை படிக்கட்டில் காத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாக்குச் சொல்லாதைங்கோ அக்கா."

"ஒண்டும் நடக்காது. பயப்படாதை," என்றேன். பயந்தது நான்.

சமயபாட ரீச்சர் வயதான ஒரு கன்னியாஸ்திரி. கம்பளிச் சட்டையும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக இருந்தார். மூன்று விடைத்தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து என் பக்கம் திருப்பினார். பிள்ளைகள் மூவரும் எனக்குப் பின்னால் சுவரோடு நின்றார்கள்.

"மூன்று பேருக்கும் ஒரே மழை பெய்திருக்கிறது," என்றார்.

"யாழ்ப்பாணம் சின்ன இடம், சிஸ்ரர்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் பகிடிக்குச் சொல்லவில்லை; வாயில் வந்தது அதுதான். மூன்று சைக்கிளிலும் முன்சில்லுத்தான் வளைந்திருக்கிறது, மூன்று தோளிலும் இடது கைதான் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சூடேறியது. இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாடமாக்கி மனத்திலிருந்து எழுதினார்கள், எங்கள் ஊரில் இதற்குப் பெயர் படிப்பு என்று விளங்கப்படுத்தினேன். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் படிப்பித்தவருக்குத்தான் மரியாதை என்பதையும் சொன்னேன்.

"பார்த்து எழுதவில்லை என்று நம்புகிறேன். அதனால்தான் எனக்கு இது இன்னும் கஷ்டமாக இருக்கிறது," என்றார் அவர்.

தீர்ப்பு எளிமையானது. திங்கட்கிழமை மூவரும் அவருடைய அறையில் தனித்தனியே உட்கார்ந்து அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுபடி எழுதவேண்டும். சொந்தக் கதையாக இருக்கவேண்டும். சைக்கிள் கூடாது. எழுதாவிட்டால் முழு வினாத்தாளுக்கும் பூச்சியம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொடியன்கள் பின்னாசனத்தில் இருந்துகொண்டு தங்களுக்குள் கதையைப் பங்குபோட்டார்கள். "நீ என்ர ஜக்கெற்றைக் கிழிச்சதை நான் எழுதுறன். நான் உன்ர பல்லை உடைச்சதை நீ எழுது." அவர்களுக்குப் பிரச்சினை முடிந்துவிட்டது. அவள் எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தாள்.

"எனக்கு எழுத ஒண்டுமில்லை அக்கா."

"யோசிச்சுப் பார். ஏதும் இருக்கும்."

"இருந்தது அது ஒண்டுதான். அதைத்தான் எழுதக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா."

என்ன செய்வது என்ற அந்தரத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. "அது நான் எழுதினதெல்லோ. பக்கத்து வீட்டுப் பொடியனையும் மழையையும் நான்தானே போட்டனான்."

"சைக்கிள் என்ரது."

பஸ் இரண்டு தரிப்பைக் கடந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தகப்பன் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சைக்கிள். தம்பி அவளுக்கு ஒரு வயது இளையவன். ஒருநாள் காலை அவள் முகம் கழுவப் போன நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அதன் பூட்டுத் திறப்பைத் தாயின் கையில் கொடுத்தார். அக்காட்டக் குடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனானாம். அந்த நாளில் சைக்கிள் தனியாக வீட்டுக்கு வந்தால் பொடியன் எங்கே போனான் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போகிறவர்கள் சைக்கிளைக் கொண்டுபோவதில்லை.

"சில்லு ஒண்டும் வளையேல்லை அக்கா. வடிவாத் துடைச்சு விட்டிருந்தவன்."

இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை என் வளைந்த சில்லையும் மழையையும் வரி வரியாக ஒப்பித்தாள்?

"நீ மன்னிச்சிட்டாய் எண்டெல்லோ நினைச்சனான்."

"நீங்கள் மன்னிச்ச கதை கேட்டீங்கள். அதாலதான் சொன்னனான்."

"அவன் கேட்டிருந்தால் குடுத்திருப்பியோ?"

"குடுத்திருக்க மாட்டன். அது அவனுக்குத் தெரியும்."

தாயைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். "அப்பா ஸ்பொன்சர் ஸ்பொன்சர் எண்டுகொண்டு திரியிறார். அம்மா வரமாட்டா. அவன் திரும்பி வாற நேரம் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதாம். நாங்கள் வெளிக்கிடேக்கையே சொன்னவ. அப்பாக்கும் தெரியும். தெரியாத மாதிரி வேலை செய்யிறார்."

அதாவது வராத தாயைக் கூப்பிடுவதற்காக இவள் படிப்பை விட்டு பிஸ்கற் தள்ளவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கன்னியாஸ்திரி மீது, அந்தக் கேள்வி மீது, பிள்ளைகளின் பெட்டியைக் கிளறிப் பார்க்கிற அந்த முழுப் பாடத்தின் மீதும் கோபம். கடவுளுக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு?

"வேற ஏதும் எழுது," என்றேன். "பென்சிலை ஆரும் களவெடுத்திருப்பினம், அவையை மன்னிச்சுவிடு. பொய்யெண்டாலும் பரவாயில்லை. தனிப் பொய்யா இருக்கவேணும், அவ்வளவுதான்."

எங்கள் தரிப்பு வந்ததும் அவள் முதலில் இறங்கினாள்.

திங்கட்கிழமை எழுதினார்கள். பொடியன்களுக்கு நல்ல புள்ளி வந்தது. பல்லுடைந்த கதைக்குச் சிஸ்ரர் பக்கத்தில் பாராட்டு வேறு எழுதியிருந்தார். ஒன்பதாம் மாடிப் பிள்ளைக்கு மட்டுமட்டாகச் சித்தி. ஒரு புள்ளி குறைந்திருந்தால் போச்சு. நான் தொழிற்சாலைக்கு உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஏன் குறைத்தீர்கள் என்று கதவருகில் நின்றே கேட்டேன்.

சிஸ்ரர் என்னை உட்காரச் சொன்னார். "கேள்வி மன்னித்ததைப் பற்றியது. அவள் தன் தம்பியை மன்னிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். சைக்கிள் கூடாது என்று சொல்லியும் சைக்கிளைத்தான் எழுதியிருக்கிறாள். மழை பெய்யவில்லை, சில்லு வளையவில்லை என்று தொடங்கியிருக்கிறாள். சொந்தக் கதை என்று தெரிந்தது, ஆகவே சித்தியடையப் போதுமான புள்ளியைப் போட்டேன். கேள்விக்கு விடை இல்லாதபடியால் அதற்கு மேல் போடவில்லை." பிறகு கேட்டார், "தம்பியிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா?"

"இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். சண்டைக்கென்று தயாரித்துக்கொண்டு போன வசனங்களில் ஒன்றும் எனக்குப் பயன்படவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது அவள் தலையாட்டினாள்.

"சரிதானே அக்கா. கேட்டதுக்கு நான் விடை எழுதேல்லைத்தானே."

அதன் பிறகு நான் ஒருவருக்கும் விடை எழுதிக் கொடுக்கவில்லை. துவாயும் அருட்சாதனமும் மட்டும் தொடர்ந்தன. ஜூன் பரீட்சைக்கு முதல் சனிக்கிழமை மூவரிடமும் சொன்னேன், கடைசியில் இரண்டு கேள்வி வரும், ஒன்று எழுதினால் போதும், மன்னிப்பு வந்தால் மற்றதை எழுதுங்கோ என்று. மன்னிப்பு வந்தது. என் குறி அந்த முறையும் தப்பவில்லை.

பெறுபேறு வந்த அன்று தகப்பன் ஒரு பெட்டி டோனற்றோடு லோன்றி அறைக்கு வந்தார். வேலை உடுப்போடு வந்திருந்தார். சவர்க்கார மணம் அவரிலிருந்து வந்ததா மெஷினிலிருந்து வந்ததா தெரியவில்லை.

"பாஸ் தங்கச்சி. வடிவான பாஸ். செப்ரெம்பரும் போகட்டும். தாயின்ர அலுவலை நான் ஒராளாப் பாக்கிறன்."

"அதுதான் நல்லது அண்ணை," என்றேன். மகளை அவர் பார்க்கவில்லை. மகளும் அவரைப் பார்க்கவில்லை. அவர் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

பொடியன்கள் டோனற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகள் காய்ந்து வந்திருந்தன. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவளுமாக ஒன்றைப் பிடித்தோம்.

"கடைசியில எதை எழுதினனீ?" என்று கேட்டேன்.

"அதைத்தான்."

"மன்னிச்சதையோ?"

"ஓம்."

"தம்பியையோ?"

"இல்லை. அம்மாவை."

விரிப்பை இரண்டாக மடித்தோம். உதறினோம்.

"என்ன இழப்பெண்டும் கேட்டவையெல்லோ. அதுக்கு என்ன எழுதினனீ?"

"அதை எழுத நேரம் காணேல்லை அக்கா."

நேரத்தைப் பங்கிடத் தெரியாத ஒரு பிள்ளையை நான் ஏசாமல் விட்டது அந்த ஒருமுறைதான். அவள் விரிப்பின் இரண்டு முனையையும் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.